வடக்கு மேலே இருக்கட்டும்: தமிழ்க் குரல் வழிகாட்டியும் கையடக்க ஜிபிஎஸ்ஸும்

ராமநாதபுரம் கரையில் வழி பார்க்க இன்று இரண்டு கருவிகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று கைபேசி வரைபடச் செயலியின் தமிழ்க் குரல். மற்றொன்று நாட்டுப்படகில் எடுத்துப் போகிற கையடக்க ஜிபிஎஸ். கடையில் திரை, பேட்டரி, விலை பற்றித்தான் பேசுவார்கள். வாங்குபவர் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, கருவி திசையை எப்படிச் சொல்கிறது, அதைப் பிடித்திருக்கப்போகிறவர் எப்படிச் சொல்லிப் பழகியவர் என்பதை.

தொண்டியிலோ ஏர்வாடியிலோ வழி கேட்டால் "தெக்க போயி, பள்ளிவாசல் தாண்டி மேக்க திரும்புங்க" என்பார்கள். பந்தியில் நகரச் சொல்வதுகூட "கொஞ்சம் வடக்க தள்ளி உக்காருங்க" என்றுதான். பாம்பனில் பாக் விரிகுடா வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். செயலியின் குரலோ "300 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டியின் முகம் போகிற பக்கமே இருப்பதால் இடது வலது குழம்பாது. சாலையை விட்டு வாடிப் பக்கம், பனங்காட்டுப் பக்கம் இறங்கியதும் சிக்கல் தொடங்கும். மணல் பாதைகள் பல வரைபடத்தில் இல்லை. ஆளைப் பக்கத்துச் சாலையில் நிற்பதாக எடுத்துக்கொண்டு குரல் பக்கம் சொல்லும். அவர் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றால் இடது வலதாகிவிடும். "வடக்கே போ" என்று சொல்லியிருந்தால் எப்படி நின்றாலும் அது மாறாது.

பேச்சுப் பழக்கம் பேச்சோடு நிற்பதில்லை. எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு தமிழர்களிடையே நடந்தது. திசைச் சொல்லை அதிகம் புழங்கும் கிராமத்தாரையும், இடம் வலம் அதிகம் சொல்லும் நகரத்தாரையும் அவர் ஒப்பிட்டார். வாய் திறக்காமல் செய்கிற வேலையிலும் அந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிந்தது. மொழியால் மட்டுமே இப்படி என்று சொல்லிவிட முடியாது. பெக்கி லி, லைலா கிளைட்மன் இருவரும் 2002-இல், அதே மாதிரிச் சோதனையில் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை மாற்றினால் அமெரிக்க மாணவர்களின் விடையும் மாறுகிறது என்று காட்டினார்கள். கடலும் காற்றும் எந்நேரமும் கூடவே இருக்கும் இந்தக் கரையில் அந்த மறுப்பையும் மனதில் வைக்க வேண்டும்.

அந்த ஆய்வுகளின் சோதனையைக் கருவி வாங்குமுன் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மேசையில் மூன்று பொம்மைகளை ஒரே பக்கம் பார்த்தபடி வரிசையாக வையுங்கள். பார்ப்பவரை அரை நிமிடம் காக்கவைத்து, 180 டிகிரி திருப்பி, எதிர் மேசையில் அதேபோல் அடுக்கச் சொல்லுங்கள். "இடது", "வடக்கு" என்ற சொல் உங்கள் வாயில் வரக்கூடாது. பொம்மைகள் முன்பு பார்த்த திசையையே பார்த்தால் அவர் திசையால் நினைக்கிறவர். அவருடைய இடப்பக்கம் பார்த்தது மறுபடியும் இடப்பக்கமே பார்த்தால் உடம்பை வைத்து நினைக்கிறவர். மேசை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால், பொம்மைகளும் அந்த வாக்கிலேயே இருக்க வேண்டும்.

திசையால் நினைக்கிற முதல் வகையினர் கையடக்க ஜிபிஎஸ்ஸின் வரைபடத்தை 'நார்த் அப்' (எப்போதும் வடக்கு மேலே) என்று மாற்றிக்கொள்வது நல்லது. பல கருவிகள் 'டிராக் அப்' அமைப்பில் வரும். படகு போகிற பக்கம் திரையின் மேலே வரும்படி படம் சுழன்றுகொண்டே இருக்கும். ஓட்டத்தில் அது சரி. வலை இழுக்கும்போது, நங்கூரம் போட்டிருக்கும்போது படகு மெல்ல அசைந்தாலும் படம் கிறுகிறுக்கும், ஏனென்றால் மின்னணுக் காம்பஸ் இல்லாத கருவிக்கு நகர்ந்தால்தான் திசை தெரியும். 'நார்த் அப்' படம் இருப்பிடத்தை மட்டும் நம்புவதால் அசையாது. இப்படி வைத்தபின் சட்டத்தின் நான்கு ஓரத்திலும் வ, கி, தெ, மே என்று ஒட்டிவிடலாம். ஆங்கிலம் வாசிக்காத பையனும் பார்த்துச் சொல்வான். யாராவது அமைப்பை மாற்றிவிட்டால் அந்த ஒட்டுகள் பொய் சொல்லும் என்பதை மட்டும் படகில் எல்லாருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

கருவியின் அம்பு அணியம் (படகின் முன்முனை) பார்க்கும் பக்கத்தைக் காட்டுவதில்லை, படகு உண்மையில் நகரும் பக்கத்தையே காட்டுகிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் நீரோட்டமும் காற்றும் தள்ள, இரண்டும் நன்றாகவே விலகும். திரையில் 90 (நேர் கிழக்கு) என்று வர அணியத்தைச் சற்றுத் தெற்கே பிடிக்க வேண்டியிருக்கும். இதைக் கருவியின் கோளாறு என்று கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம்.

உண்மையிலேயே ஆபத்தானது எண் வடிவம்தான். 9 டிகிரி 17.50 மினிட் என்பதை 17 மினிட் 50 செகண்ட் என்று ஏற்றினால் இடம் சுமார் 617 மீட்டர் வடக்கே போய்விடும், ஏனென்றால் 17.50 மினிட் என்பது 17 மினிட் 30 செகண்ட். இந்தியா, இலங்கை இடையிலான 1974 கடல் எல்லை ஒப்பந்தத்தின் புள்ளிகள் மினிட்டின் தசமத்தில் எழுதப்பட்டவை. கருவியையும் அதே வடிவில், டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஜிபிஎஸ்ஸின் பொது அளவீட்டு அமைப்பில் வையுங்கள்.

கைபேசியிலும் வழிகாட்டல் அமைப்புக்குள் போய் வடக்கை மேலே நிறுத்தலாம். ஆனால் குரல் மாறாது. திரை ஒன்று காட்ட, குரல் இடது வலது சொல்லிக்கொண்டிருக்கும். கால்நடையாகப் போகிறவர்கள் குரலை அணைத்துவிடுவதே மேல். ராமநாதபுரம் நகரத்துக்குள் ஓட்டும் வாடகைக் கார், ஆட்டோக்காரர்கள் குரலையும் சுழலும் படத்தையும் அப்படியே விட்டுவிடலாம்.

தொண்டி, தேவிபட்டினம் ஆட்கள் தென்கடலுக்குப் புதிதாகத் தொழிலுக்குப் போகும்போது 'நார்த் அப்' கூடுதலாக உதவும். அவர்கள் ஊரில் கடல் கிழக்கே, கீழக்கரையில் தெற்கே, மண்டபத்தில் இரண்டு பக்கமும். கடலை வைத்துத் திசை பிடித்தவருக்கு முதல் சில நாள் கிழக்கு புரண்டுதான் இருக்கும்.

வாங்கும்போது ஐபிஎக்ஸ் 7 தரம் இருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும். தாங்கும் என்பதால் மிதக்கும் என்று நினைக்க வேண்டாம், கயிறு கட்டுங்கள். பேட்டரி முனையில் உப்பு பூத்தால் கருவி நடுக்கடலில் அணைந்துவிடும். கரைக்கு வந்ததும் மூடியைத் திறந்து உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.