ஹார்ட் பேக்கேஜ்: ஊசிக்கு ஐந்து நட்சத்திரம், ரிப்போர்ட்டுக்கு இரண்டு

மதுரையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேபில் 'ஹார்ட் பேக்கேஜ்' போட்டேன், 1,600 ரூபாய். பெயர் வேண்டாம். ஆறரைக்கு வருவதாகச் சொன்ன தம்பி ஆறு இருபத்தைந்துக்கே வாசலில் நின்றார், ஒரே குத்து, வலியே தெரியவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 168, சிவப்பு. அதற்குக் கீழே அழற்சியைக் காட்டும் எச்எஸ்-சிஆர்பி 8.9, அதுவும் சிவப்பு, கூடவே 'இதய ஆபத்து அதிகம்' என்று ஒரு வரி. அன்றைக்குத் தூக்கம் போச்சு.

மறுநாள் எங்கள் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் குடுத்தப்ப சளி கிளி இருந்துச்சா?" இருந்தது, மூன்று நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சிஆர்பி கல்லீரல் சுரக்கும் புரதம், உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறிவிடும், அது இதயத்திலிருந்து வந்ததா மூக்கிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்துத் தனியாக 450 ரூபாய் கொடுத்து மறுபடி எடுத்தால் 2.3. ஒன்றுக்குக் கீழே என்றால் நல்லது, மூன்றுக்கு மேல் போனால்தான் கவலையாம்.

எல்டிஎல் மட்டும் அசையவில்லை, 165. இந்த இரண்டு எண்ணும் ஏன் ஒரே பேக்கேஜில் இருக்கின்றன என்று பன்னிரண்டு பக்க ரிப்போர்ட்டில் ஒரு வரி இல்லை. சாக்கடைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுவது மாதிரிதான் கொழுப்பு அடைக்கிறது என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன், டாக்டரம்மா சொன்னது வேறு கதை. எல்டிஎல் துகள்கள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ளேயே புகுந்து, அங்கேயே தங்கி, ஆக்சிஜன் பட்டுக் கெட்டுப்போக, அதைத் தின்ன வரும் வெள்ளணுக்கள் தின்று தின்று ஊதி நுரை செல்களாகி அங்கேயே சாகின்றன, உள்ளே படிகமாகிப்போன கொழுப்பு இன்னும் அழற்சியைத் தூண்ட, மேலும் மேலும் அணுக்கள் வந்து சேர்கின்றன. கடைசியில் அந்தப் புண்ணின் மேல்மூடி மெலிந்து கிழிந்தால், அங்கே ரத்தம் உறைந்து மாரடைப்பு.

2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரைச் சேர்த்து, சிலருக்கு வெற்று ஊசியும் மற்றவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் அடக்கும் கனகினுமாப் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின, அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ஊசி இல்லை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைதான். எனக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கொழுப்பு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் இந்தப் பேக்கேஜ் வேண்டாம், தனியாக லிப்பிட் ப்ரொஃபைல் எடுங்கள், பாதிக் காசில் முடியும். சிஆர்பியும் வேண்டுமா, சளி காய்ச்சல் பல்வலி எல்லாம் போய் இரண்டு வாரம் ஆகட்டும்.

இரண்டாவது தடவையும் அதே தம்பிதான் வந்தார். "சளி இருக்கான்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன். "சாப்டீங்களான்னு கேக்கத்தாண்ணே ஃபார்ம்ல கட்டம் இருக்கு" என்றார்.