மினியின் முன் ஹப்: பால் பேரிங்கா, டேப்பர் ரோலரா?

பழைய மினி காரின் முன் ஹப்பிலிருந்து (சக்கரம் மாட்டிச் சுழலும் நடுப்பகுதி) 'ங்ங்' என்று சத்தம் வந்தால் முதலில் எந்தச் சக்கரம் என்று பிடிக்க வேண்டும். இடப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால், பாரம் விழும் வலப்பக்க பேரிங்தான் பெரும்பாலும் போயிருக்கும். ஜாக்கி போட்டு, சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு). இந்தச் சோதனையைச் செய்யாமல் பேரிங் கிட் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

டிரம் பிரேக் வண்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: இரண்டு பால் பேரிங், நடுவில் ஒரு ஸ்பேசர் (இடைவெளி காக்கும் வளையம்). டிஸ்க் பிரேக் வண்டிக்குத்தான் பால், டேப்பர் ரோலர் என்று இரண்டு வகைக் கிட்டும் கிடைக்கிறது, குழப்பமும் அங்கேதான்.

பால் பேரிங்கில் குண்டு ரேஸை (அது உருளும் வளையத் தடம்) தொடுவது ஒரு புள்ளியில். உருளும் தடை குறைவு, தேவையான இடைவெளி பேரிங்குக்குள்ளேயே இருக்கிறது, பொருத்துபவரின் சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அகல டயரும் வெளியே தள்ளி நிற்கும் வீலும் போட்டால், வளைவில் வரும் பக்கவாட்டு அழுத்தம் அந்தப் புள்ளியைத் தின்றுவிடும்.

டேப்பர் ரோலர் (ஒருபக்கம் சிறுத்த உருளை) கோடு முழுக்கத் தொடுவதால் அந்த அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் உயிர் ஸ்பேசரில் இருக்கிறது. இந்த ஹப்பில் நட்டைத் தளர்த்தி இறுக்கி அட்ஜஸ்ட் செய்யும் வழியே இல்லை, ஷிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கிடையாது. இரண்டு கோனுக்கும் (பேரிங்கின் உள்வளையம்) நடுவே இருக்கும் ஸ்பேசர் வளையம் அந்த செட்டுக்கென்றே அளந்து அரைத்தது. பழைய ஸ்பேசரைப் புது பேரிங்கோடு போட்டால் ஒன்று ஆட்டம் இருக்கும், அல்லது ரோலர்கள் நெரிந்து, சூடேறி, பேரிங் இறுகிப்போகும். இரண்டு பக்கக் கிட்டையும் ஒரே நேரத்தில் பிரித்து மேசையில் கொட்டினாலே இந்தக் குழப்பம் வந்துவிடும்.

டிஸ்க் வண்டிக்கு என் தேர்வு டேப்பர்தான், நம்பகமான தயாரிப்பாளரின் முழு செட்டாக இருந்தால் மட்டும். பெட்டியில் இருக்கும் ஸ்பேசர் அந்த செட்டுக்கு உரியதுதானா என்று சந்தேகம் வந்தால், மட்டமான டேப்பரைவிட நல்ல பால் பேரிங் மேல்.

அடுத்து, நக்கிளை (பேரிங்குகள் உட்காரும் கூடு) வண்டியிலேயே வைத்து அடிப்பதா, கழற்றுவதா? வண்டியிலேயே செய்தால் பால் ஜாயிண்டுகளைப் பிரிக்கும் வேலை மிச்சம். ஆனால் சுத்தியடி எல்லாம் அந்த ஜாயிண்டுகளில் போய் விழும், மண் உள்ளே கொட்டும், உள்பக்க கப் (பேரிங்கின் வெளிவளையம்) நேராக ஏறாது. மேல், கீழ் பால் ஜாயிண்ட், டிராக் ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை) மூன்றையும் பிரித்து, பிரேக் காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு (பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது) நக்கிளை வைஸுக்குக் கொண்டுபோவதே உத்தமம். ஹப் நட்டுக்கு 1 5/16 அங்குல சாக்கெட் வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிடுங்கள்.

வெளிப்பக்க கோன் பெரும்பாலும் டிரைவ் ஃபிளேஞ்சோடு (சக்கரம் மாட்டும் தட்டு) ஒட்டிக்கொண்டே வரும். புல்லர் பிடிக்காவிட்டால் கிரைண்டரில் முக்கால் ஆழம் கீறி, உளியால் ஒரு அடி: விரிசல் விட்டுக் கழன்றுவிடும். ஆயில் சீல் உரசும் இடத்தில் மட்டும் கீறல் படக்கூடாது.

புது கப்பை ஏற்ற பிரஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை: கப்பை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, நக்கிளைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய கப்பின் வெளிவிட்டத்தைக் கொஞ்சம் அரைத்துக்கொண்டால் அதுவே அடிக்கும் கருவி, உள்ளே சிக்காது. நக்கிளுக்குள் இருக்கும் தோளில் (விளிம்பில்) கப் போய் உட்கார்ந்ததும் மந்தமான சத்தம் மாறி 'டங்' என்று ஒலிக்கும். கோணலாகப் போனால் அடிப்பதை நிறுத்தி, வெளியே எடுத்து, மறுபடி ஆரம்பியுங்கள்.

கிரீஸை ரோலர்களுக்குள் நன்றாக அமுக்குங்கள், ஆனால் இரண்டு பேரிங்குக்கும் நடுவே உள்ள இடத்தை நிரப்பாதீர்கள். சூட்டில் விரிந்து, சீலைத் தாண்டி பிரேக்குக்கு வரும்.

ஹப் நட்டின் டார்க்கில்தான் (இறுக்கும் முறுக்கு விசை) பலர் கோட்டை விடுகிறார்கள். டிரம் வண்டிக்கு 60 பவுண்டு-அடி (81 நியூட்டன் மீட்டர்). டிஸ்க் வண்டியில் டிரைவ் ஷாஃப்டில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) ஒரே ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் பூட்டும் பின்) துளை இருந்தால் 150 (203 நியூட்டன் மீட்டர்), இரண்டு துளை இருந்தால் 188 (255 நியூட்டன் மீட்டர்). டிஸ்க் வகையில் நட்டுக்கு அடியில் பிளவுள்ள கூம்பு வளையம் ஒன்று உண்டு. நேராக அதை வைத்து இறுக்கினால், சிவி ஜாயிண்ட் (ஷாஃப்ட் முனையில் இருக்கும் வளையும் மூட்டு) முழுதாக இழுபடுவதற்குள் வளையம் ஷாஃப்டைக் கவ்விக்கொள்ளும். அதனால் முதலில் தடித்த சாதா வாஷரை வைத்து, ஹப்பைச் சுற்றிக்கொண்டே முழு டார்க்குக்கு இறுக்கி, பிறகு கழற்றிக் கூம்பை மாட்டுங்கள். ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. திரும்பப் பொருத்தும்போது நட்டு முழுதாக இறுகும் முன் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்காதீர்கள்.

பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் ஸ்பேசர் மாறியிருக்கிறது, அல்லது ஒரு கப் முழுதாக உட்காரவில்லை.