‘அதிவேக வைஃபை’ ஹோம்ஸ்டே: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கல்யாணம் காட்சி என்று போய் ஹோம்ஸ்டே எடுப்பவர்கள் கவனத்துக்கு. ‘அதிவேக வைஃபை, அளவில்லா டேட்டா’ என்ற விளம்பரத்தை நம்பித்தான் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அந்த வீட்டை எடுத்தோம். ‘வைஃபை அறை’ என்று இரவுக்கு 30 வெள்ளி கூடுதல். மறுநாள் காலை மகளுக்கு ஆன்லைனில் வேலை நேர்காணல்.

இரவு பார்த்தால் வைஃபை கோடு முழுசாக இருக்கிறது, வாட்ஸ்அப்பில் ஒரு படம் இறங்க மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். “உங்க போன் பழசுண்ணே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றார். மகளின் புது மடிக்கணினியிலும் அதே கதைதான்!

அறைச் சுவரில் ஒரு ரிப்பீட்டர், அதாவது மோடத்தின் வைஃபையை வாங்கி அறைக்குள் பரப்பும் சின்னப் பெட்டி, செருகியிருந்தது. நமக்குத் தெரியும் கோடு அந்தப் பெட்டிவரைக்கும் உள்ள சிக்னல்தான். அதற்கு அப்பால் இணையம் வருகிறதா என்பதை அது காட்டாது. சரி, மோடம் எங்கே என்று தேடினேன். கூடத்தில் டிவிக்குப் பின்னால், அடியில் சிம் கார்டோடு இருந்தது. ஃபைபர் கேபிளே கிடையாது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சோதித்தும் வேகம் 1 எம்பிபிஎஸ்ஸைத் தொடவில்லை. என் கைப்பேசியிலும் அதே நிறுவனத்து சிம்தான். அதன் ஹாட்ஸ்பாட்டில், அதே இடத்தில், வீடியோவே தடங்கலில்லாமல் ஓடியது. ஆக, கைப்பேசிக் கோபுரத்திலும் குறையில்லை, எங்கள் கருவியிலும் குறையில்லை.

திரும்பக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்: “மாசக் கடைசிண்ணே, கோட்டா முடிஞ்சிருச்சு. ஒண்ணாந்தேதி சரியாயிரும்.” வாடகைக்கு விடும் பக்கத்து வீட்டுக்கும் இதே மோடம்தானாம். இந்த மாதிரித் திட்டங்களில் டேட்டா நிற்காது, குறிப்பிட்ட அளவு தாண்டியதும் வேகத்தை நசுக்கிவிடுவார்கள். அதுதான் அவருடைய ‘அளவில்லா’.

நேர்காணல் என் ஹாட்ஸ்பாட்டில் முடிந்தது. 30 வெள்ளியைத் திருப்பிக் கேட்டதற்கு, “வைஃபை இருந்துச்சுல்ல?” என்கிறார்.

இனி எங்கே எடுத்தாலும் ஃபைபரா, சிம் மோடமா என்று முதலில் கேளுங்கள். படுக்கையறையில், இரவு நேரத்தில் எடுத்த வேகச் சோதனைப் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். வீடியோ அழைப்புக்குப் பதிவேற்ற வேகமும் வேண்டும், அதையும் பாருங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்; இவர் அந்த வரியை மறுநாளே நீக்கிவிட்டார், என்னிடம் படம் இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. நான் கோரிக்கைப் பாரம் கொடுத்துவிட்டேன்.