அனட்லைசர்: இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

ஆபிஸில் கிளாஸ் மாடலை டேட்டாபேஸ் டேபிளாக மாற்றுகிற ஏடிஎல் (ஒரு மாடலை இன்னொன்றாக மாற்ற ரூல் ரூலாக எழுதும் மொழி) கோடு என் தலையில் விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. முதல் வாரம் ரூலுக்கு ஒரு டீபக் வரி போட்டுவிட்டுக் கன்சோலையே வெறித்துக்கொண்டிருந்தேன், சிங்கப்பூர் ஒன்-நார்த்திலிருந்து கடைசி ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போன நாளெல்லாம் உண்டு. அப்புறம்தான் அனட்லைசரைப் போட்டேன். ஏடிஎல் கோடை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் டூல் இது, ஸ்பெயின் ஆய்வாளர்கள் செய்த எக்லிப்ஸ் பிளக்இன், இலவசம். அனலைசருக்குள் ஏடிஎல்லைத் திணித்து வைத்த பெயர், வாயில் நுழைய நாளாகும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. பிழை இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், ஒரு சால்வரை (நிபந்தனைகளுக்குப் பொருந்தும் விடையைத் தேடும் நிரலை) வைத்து அந்தப் பிழையைக் கிளப்பக்கூடிய குட்டி மாடல் ஒன்றை அதுவே தேடிப் பார்க்கும். போன மாதம் ஒரு ரூலின் வடிகட்டியில் 'மல்டிவேல்யூட் (பல மதிப்பு கொண்டவை) இல்லாதவை மட்டும்' என்ற நிபந்தனையைக் கைதவறி அழித்துவிட்டேன். இரண்டு ரூல் ஒரே அட்ரிபியூட்டைப் பிடிக்கின்றன என்று சொன்னதோடு நிற்காமல், ஒரு கிளாஸ், அதில் மல்டிவேல்யூட் அட்ரிபியூட் ஒன்று, அவ்வளவே உள்ள மாடலையும் எடுத்து நீட்டியது. வாதாட இடமே இல்லை. ஆனால் சால்வர் ஓர் அளவுக்குட்பட்டுத்தான் தேடும், ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் பிழையே இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

சரி, டைப் எல்லாம் ஒழுங்காக இருந்து விடை மட்டும் தப்பாக வந்தால்? அதற்கு இந்த டூல் வாயே திறக்காது, திறக்கவும் முடியாது, நமக்கு என்ன வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஃபாரின் கீ (இன்னொரு டேபிளைச் சுட்டும்) நெடுவரிசையின் பெயர் 'ஐடி' என்று முடிய வேண்டும், எங்களுக்கு அப்படி வரவில்லை. செவில் பல்கலைக்கழகத்தார் 2018ல் எழுதிய கட்டுரையில் உள்ள வழியைப் பிடித்தேன்: எதிர்பார்ப்பை ஓசிஎல்லில் (மாடலுக்கு நிபந்தனை எழுதும் மொழியில்) எழுது, எந்த டெஸ்டில் எந்த ரூல் ஓடியது என்று குறி, தோற்ற டெஸ்டுகளோடு அதிகம் ஒட்டிய ரூலைச் சந்தேகப்படு. கணக்குக்கு ஒச்சியாய் சூத்திரம், மதிப்பு 1-ஐ நெருங்க நெருங்கச் சந்தேகம் கூடும். 1957ல் ஜப்பானையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த கடல்களின் நாக்கு மீன் வகைகள் எங்கெங்கே வாழ்கின்றன என்று ஒப்பிட ஒருவர் போட்ட கணக்கு அது. தேக்கா ஈரச்சந்தையில் நாக்கு மீனைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு ரூல்தான் ஞாபகம் வருகிறது.

12 டெஸ்ட், 4 தோல்வி. டேபிள் உண்டாக்கும் ரூல் பன்னிரண்டிலும் ஓடியிருந்தது, அதற்கு 0.58. ஃபாரின் கீ ரூல் தோற்ற நான்கிலும், தேறியதில் ஒன்றிலும் ஓடியிருந்தது, அதற்கு 0.89. திறந்து பார்த்தால் பெயரோடு 'ஐடி' ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டவே இல்லை.

அனட்லைசருக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஏடிஎல் எழுதுகிறவர் இன்றே போட்டுக்கொள்ளலாம், க்யூவிடி (இதே வேலைக்கான இன்னொரு மொழி) ஆட்களுக்கு உதவாது. ஃபாரின் கீ ரூல் ஓடியும் தேறிய அந்த ஒரே டெஸ்ட் ஏன் தேறியது என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் அட்ரிபியூட்டின் பெயரே 'கஸ்டமர்ஐடி'. கோடைத் திருத்துவதற்கு முன் அதை 'கஸ்டமர்' என்று மாற்றி இன்னொரு தடவை ஓட்டினேன்: 5 தோல்வி, ஃபாரின் கீ ரூலின் மதிப்பு நேராக 1.