குஸ்கோவில் இறங்கியதும் முதல் இரவு எங்கே: நகரத்திலா, பள்ளத்தாக்கிலா?

பெருவின் லிமா கடலோரத்தில் இருக்கிறது. அங்கே விமானம் ஏறினால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில், மச்சு பிச்சு பார்க்கப் போகிறவர்கள் வந்து இறங்கும் மலை நகரமான குஸ்கோ. அந்த நேரத்துக்குள் 3,400 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறோம். லடாக்கில் லே போய் வந்தவர்களுக்குத் தெரியும், இது விளையாட்டான உயரம் இல்லை.

எங்கள் டூர் ஏஜென்சி இரண்டு திட்டங்கள் அனுப்பியிருந்தது. நாட்கள், பார்க்கும் இடங்கள் எல்லாம் ஒன்றுதான். விலையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. வரிசை மட்டும் வேறு. முதல் திட்டத்தில் இறங்கியதும் குஸ்கோவிலேயே இரண்டு இரவு. அன்று பிற்பகலே கைடோடு கொரிகாஞ்சா கோயிலும் சக்ஸாய்வாமன் கோட்டையும் பார்த்துவிட வேண்டும். அப்புறம்தான் உருபாம்பா பள்ளத்தாக்கு, இன்கா காலத்து மலையூரான மச்சு பிச்சு. இரண்டாவது திட்டத்தில் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வண்டியில் உருபாம்பா ஊருக்கு. அங்கே இரண்டு இரவு தங்கி, ஒயான்டாய்டாம்போவில் ரயில் பிடித்து மச்சு பிச்சு பார்த்துவிட்டு, கடைசி இரண்டு இரவு குஸ்கோவில்.

நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். மறுபடி போனாலும் அதையேதான் எடுப்பேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நகரத்தில் சாப்பாடு, கடை, நடமாட்டம் எல்லாம் அதிகம். உருபாம்பாவில் எட்டு மணிக்கே தெரு அடங்கிவிடும். ஆனால் ரயில் விஷயத்தில் பள்ளத்தாக்குதான் வசதி. உருபாம்பாவிலிருந்து ஒயான்டாய்டாம்போ ஸ்டேஷன் அரை மணி நேரம். குஸ்கோவிலிருந்து கிளம்பினால் ரோட்டில் இரண்டு மணி நேரம் ஆகும், அதிகாலை ரயில் என்றால் தூக்கம் போச்சு.

இதையெல்லாம் எப்படியும் சமாளிக்கலாம். எங்களை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: முதல் இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பது.

உயரே போனால் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. குஸ்கோவில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. உடம்பு வேகமாக மூச்சு வாங்கி அதை ஈடுகட்டப் பார்க்கிறது. பகலில் அது நடந்துவிடும். தூங்கும்போது மூச்சின் வேகம் தானாகக் குறைகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்குகிறது. அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் 'சொரோச்சே' என்று சொல்லும் மலைநோய் இறங்கிய உடனே தெரிவதில்லை. ஆறு மணி நேரம், பத்து மணி நேரம் கழித்துத் தலைவலியாகவும் குமட்டலாகவும் ஆரம்பித்து, முதல் ராத்திரிதான் ஆளைப் புரட்டி எடுக்கும். மலையேறுகிறவர்கள் பகலில் உயரே போய்விட்டு இரவில் கீழே வந்து படுப்பது இதற்காகத்தான்.

உருபாம்பா சுமார் 2,870 மீட்டர். குஸ்கோவைவிட ஐந்நூறு மீட்டருக்கும் மேல் தாழ்வு. கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் அந்த முதல் இரவில் அதுதான் வித்தியாசம்.

எங்களுக்கு இதில் ஒரு கட்டாயமும் இருந்தது. மலைநோய் வராமல் இருக்க அசிட்டசோலமைடு மாத்திரை உண்டு; டாக்டரைக் கேட்டு முந்தின நாளே ஆரம்பிக்க வேண்டும். என் மனைவிக்கு சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாது. அதனால் இது வேண்டாம் என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை இல்லையென்றால் மிச்சம் இருப்பது தூங்கும் உயரம் ஒன்றுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்குக்குப் போகும் வழி நேராக இறங்குவதில்லை. எங்கள் வண்டி சின்சேரோ வழியாகப் போனது. அந்த ஊர் சுமார் 3,760 மீட்டர், குஸ்கோவைவிட உயரம். லிமாவில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மடியில் பலூன் மாதிரி உப்பி நின்றது. "என்னங்க, தலை பாரமா இருக்கு" என்றாள் மனைவி. கைடு வண்டியை நிறுத்தாமல், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் வளைந்து வளைந்து இறங்கி, கீழே சோளக்கொல்லைகள் தெரிய ஆரம்பித்தன. ஹோட்டல் வாசலில் இறங்கும்போது, "இப்ப பரவாயில்லங்க" என்றாள். ராத்திரி சூப் மட்டும் குடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தோம். நான் இரண்டு முறை விழித்தேன், அவள் விடியும்வரை தூங்கினாள்.

எங்களுக்கு ஒரு மாதம் முன்னால் பக்கத்து வீட்டு அண்ணன் குடும்பம் முதல் திட்டப்படி போய் வந்திருந்தது. அவர் தினமும் ஆறு கிலோமீட்டர் நடப்பவர், மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. உடல் தெம்புக்கும் மலைநோய்க்கும் சம்பந்தமில்லை என்பது அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. "தம்பி, கண்ணை மூடினா மூச்சு நின்னு நின்னு வருது, திடுக்குனு எழுந்து உட்காருறேன்" என்றார். பிற்பகலில் கோட்டைப் படிகளைக் குழுவோடு சேர்ந்து ஏறியிருக்கிறார். ஓய்வு எடுத்திருக்கலாமே என்றேன். "எல்லாரும் போறாங்க, நான் மட்டும் எப்படி உக்காந்திருக்கிறது?" என்றார். குழுவோடு போகும் பயணத்தில் இருக்கும் சிக்கலே இதுதான். கால அட்டவணை நம் உடம்பைப் பார்த்துப் போட்டதில்லை. அவருடைய மகளுக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நகரத்திலேயே முதலில் தங்குவது சரியாக வரும் சமயங்களும் உண்டு. விமானம் சாயங்காலம் இறங்கினால் இருட்டில் மலை ரோட்டில் போவதைவிடக் குஸ்கோவில் படுப்பதே மேல். ஆனால் மறுநாள் முழுக்க ஓய்வு வேண்டும். நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கும் நகரம்தான். ஜூன் 24 அன்று குஸ்கோவில் நடக்கும் இன்டி ரைமி என்ற சூரிய விழாவுக்காகப் போகிறவர்களுக்குத் தேதிதான் முடிவு செய்யும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: 2,335 மீட்டரில் இருக்கும் அரெகிபாவில் சில நாள் தங்கிவிட்டு, பஸ்ஸில் குஸ்கோ. நாள் நிறைய கையில் இருந்தால் உடம்புக்கு நல்லது என்றே நினைக்கிறேன். நான் அந்தப் பாதையில் போனதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். எங்கள் அனுபவமும் ஒரே பயணம், இரண்டே பேர்.

கோகா இலை டீ எல்லா ஹோட்டலிலும் கிடைக்கும். பச்சை இலை மிதக்க, கொஞ்சம் கசப்போடு வரும். இதமாக இருந்தது, குடித்தோம். அதை நம்பி முதல் நாளே படியேற வேண்டாம். இலையை ஊருக்கு எடுத்து வரவும் கூடாது. பெருவில் சட்டப்படி சரி, பல நாடுகளில் குற்றம்.

குஸ்கோவை முடித்துவிட்டு டிடிகாகா ஏரிக்குப் போக நினைப்பவர்களுக்கும் இந்த வரிசைதான் பொருந்தும். பள்ளத்தாக்கு 2,870, குஸ்கோ 3,400, ஏரிக்கரை ஊரான புனோ 3,800க்கும் மேல் என்று படிப்படியாக ஏறலாம். ஏஜென்சியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "முதல் ராத்திரி எந்த ஊர்ல தூங்குறோம், அது எத்தனை மீட்டர்?" என்பதுதான். பதில் குஸ்கோ என்று வந்தால் வரிசையை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மச்சு பிச்சு பார்த்துவிட்டுக் குஸ்கோவுக்கு வந்த அன்று சாயங்காலம் சான் பிளாஸ் பகுதிக்கு நடந்தோம். கல் பாவிய செங்குத்தான சந்து. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டோம். மேலே சதுக்கத்துத் திண்டில் உட்கார்ந்து, கீழே ஓட்டுக் கூரைகளில் விளக்கு ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். தலைவலி என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.