நோய் தேற எங்கே இருப்பது: நுவரெலியாவா, பண்டாரவளையா, சொந்தக் காம்பராவா?

வைத்தியசாலையில் துண்டு வெட்டி அனுப்பியதும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "கொஞ்ச நாளைக்கு நல்ல காத்துள்ள எடத்துல இருக்கட்டும்" என்பதுதான். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை நுவரெலியாவில் அறை எடுக்கலாம் என்பான். ஊவாப் பக்கத்து உறவு பண்டாரவளைக்குக் கூப்பிடும். நோயாளிக்கோ தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், உள்ள தன் காம்பராவே போதும் என்றிருக்கும். நியூமோனியாவோ சத்திரசிகிச்சையோ முடிந்து தேறுகிறவருக்கு இந்த மூன்றும் ஒன்றல்ல.

உடல் தேறும் ஊர் என்று நுவரெலியா எடுத்த பெயர் பழையது. 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அதை வெள்ளைக்காரர்கள் உடல் தேறும் இடமாக்கினார். 1840களில் காய்ச்சலில் இளைத்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கரும் அங்கே போய்த்தான் தெம்பு பெற்றார். 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் மலேரியா நுளம்பு பெருகாது என்பது அதற்குப் பெரிய காரணம். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்றுவிட்டது. ஆகவே அந்தக் காரணம் இன்று இல்லை.

மிஞ்சுவது குளிரும் ஈரமும். ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. தை, மாசி இரவுகளில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. குளிர் நாட்டு வீடுகளுக்குள் 18 பாகையாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிர் தாங்காமல் யன்னலைச் சாத்தினால் அறைக்குள் காற்று மாறாது, சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். கரிச்சட்டியை உள்ளே வைத்துக் குளிர் காய்வது அதைவிட ஆபத்து: மணமே இல்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கடல்மட்டத்தோடு பார்த்தால் அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதய, நுரையீரல் நோயாளிகள் வைத்தியரைக் கேட்காமல் போகக்கூடாது.

வெளியூர்தான் என்றால் எமது தெரிவு பண்டாரவளை. உயரம் 1,200 மீற்றருக்குச் சற்று மேல். குளிர் இதம், ஈரம் குறைவு. வைகாசி முதல் புரட்டாதி வரை ஹட்டன், நுவரெலியா நனையும்போது பண்டாரவளை இருக்கும் ஊவாச் சரிவு மழை மறைவில் காய்ந்திருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று பலமாக அடிக்கும். காற்றுக்கு முதுகு காட்டிய பக்கத்து அறையாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை அங்கேயும் மழைதான். அப்போது போய்ப் பயனில்லை.

கண்டி வெப்பமான ஊர். மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் வாகனப் புகை தேங்கும். நோய் தேற ஏற்றதல்ல.

இனிக் காம்பரா. முதுகுக்கு முதுகு ஒட்டிய பழைய லயத்தில் காற்று ஒரு பக்கத்தால்தான் வரும். எதிர்ப்புறம் வழியில்லாததால் உள்ளே வந்த காற்று அங்கேயே நிற்கும். அடுப்படி யன்னலோ கூரைக்குக் கீழ் இடைவெளியோ இருந்தால் அதை அடைக்காதீர்கள். கட்டிலை வாசல் பக்கம் நகர்த்துங்கள். பகலில் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கம்பளியைப் போர்த்தி உட்கார வையுங்கள். உடம்பு சூடாகவும் முகத்தில் காற்றுப் படும்படியும் இருக்க வேண்டும். பச்சை மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளை) எரித்தால் புகை பல மடங்கு வரும். நன்றாகக் காய்ந்ததை மட்டும் எரியுங்கள், சமைக்கும்போது நோயாளி வெளியே இருக்கட்டும். விடியற்காலையில் எல்லா லயத்து அடுப்புப் புகையும் பனியோடு சேர்ந்து தாழ்வாகவே நிற்கும். வெயில் ஏறிப் பனி கலைந்த பிறகு வெளியே வருவதே நல்லது. களைகொல்லி அடிக்கும் நாளில் அந்தத் தேயிலை மலைப் பக்கமே போகவேண்டாம்.

இப்படிச் சரிசெய்த காம்பரா, சாத்திய யன்னலுள்ள நுவரெலியா அறையைவிட மேல் என்று உறுதியாகச் சொல்லலாம். 1950களில் சென்னையில் காசநோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களுக்கு அவர்களின் வறிய வீடுகளிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்தில்தான் கூடுதல். குணமானது ஏறத்தாழ சமம். காசநோய்க்கு மருந்தை முழுக்காலமும் எடுப்பதே மருத்துவம். காற்றோட்டம் வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுவதைக் குறைக்கும், மருந்துக்கு ஈடாகாது.

எங்கே தங்கினாலும் ஓய்வு என்பது படுத்தே கிடப்பதல்ல. படுக்கையிலேயே இருந்தால் தசை உருகும், நுரையீரலின் அடியில் சளி தேங்கும், காலில் இரத்தம் உறையும். உட்கார்ந்து சாப்பிடுங்கள், விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை எழும்புங்கள். மட்டமான ரோட்டில் 5 நிமிட நடை, நாளுக்கு இரண்டு தடவை என்று தொடங்கி, மறுநாள் களைப்பு கூடாவிட்டால் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடியவேண்டும். ஏற்றம் தவிர்க்க முடியாவிட்டால் முதலில் ஏறுங்கள். களைத்துத் திரும்பும்போது இறக்கமாக இருக்கும். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர் 6 வாரமாவது தண்ணீர் வாளி, விறகுக்கட்டு, கொழுந்துக்கூடை எதையும் தூக்கக்கூடாது. வேலைக்குப் போய்ப் பேர் பதியாவிட்டால் சம்பளமில்லை என்று பத்தாம் நாளே மலைக்கு ஏறுகிறவர்களின் நிலை நெஞ்சை அறுக்கிறது. ஆனாலும் அந்தத் தையல் பிரிந்தால் மறுபடி வாட்டில் கிடக்கவேண்டிவரும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ, இடம் மாற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.