பிரசவ வலியில் முதுகுப் பிடிப்பு: ஒரு உள்ளங்கையா, இரண்டு கையா, வெந்நீர்ப் பையா?

பிரசவ வலியில் சிலருக்கு வயிற்றைவிட முதுகின் அடிப்பகுதிதான் பிளந்துபோகிற மாதிரி வலிக்கும். குழந்தையின் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால், அதன் பின்மண்டை தாயின் முதுகெலும்பு முடிகிற இடத்தில் முட்டுவது இதற்கு ஒரு காரணம். கணவரின் கைக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. மூன்று வழிகளில் எதை எடுப்பது என்பதை, மனைவி அந்த நேரம் எப்படி இருக்கிறார் என்பதுதான் முடிவு செய்யும்.

ஒரு உள்ளங்கை

முதலில் பழக வேண்டியது இதுதான். பிட்டத்துப் பிளவுக்குச் சற்று மேலே கை வைத்தால் தட்டையான முக்கோண எலும்பு தட்டுப்படும். உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் பதித்து, முழங்கையை மடக்காமல், உடம்பின் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். இன்னொரு கையால் இடுப்பெலும்பின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் அவர் முன்னால் சரியமாட்டார். வலி ஏற ஆரம்பிக்கும்போதே கை அங்கே இருக்க வேண்டும். இறங்கும்வரை, ஏறக்குறைய ஒரு நிமிடம், எடுக்கக் கூடாது. உச்சத்தில் போய்த் தொட்டால் பல பெண்கள் கையைத் தட்டிவிடுவார்கள்.

தேய்க்க வேண்டாம், மணிக்கணக்கில் தேய்த்தால் தோல் எரியும். எலும்பை விட்டு மேலே, மெத்தென்ற இடுப்பில் அழுத்துவதும் தப்பு. தோள் பலத்தை மட்டும் நம்புகிறவர் சீக்கிரமே ஓய்ந்துவிடுவார், பிரசவமோ பல மணி நேரம் போகும். ஒருக்களித்துப் படுத்திருந்தாலும் செய்ய முடிகிற வழி என்பதால், குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் மானிட்டர் பெல்ட்டை வயிற்றில் கட்டிப் படுக்கையிலேயே இருக்கச் சொன்னாலும் இது கைகொடுக்கும்.

இரண்டு கை

இடுப்பே விரிந்து கழன்றுபோகிறது என்று அவர் சொன்னால் இதற்கு மாறுங்கள். அவர் கட்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்தோ முட்டி போட்டோ இருக்க வேண்டும். பின்னால் நின்று, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்குக் கீழே, பிட்டத்தின் அகலமான சதையில் இரு உள்ளங்கைகளையும் வைத்து, உள்பக்கமாகவும் கொஞ்சம் மேல்நோக்கியும் நெருக்குங்கள். சுகம் அதிகம், களைப்பும் அதிகம். இன்னொருவர் இருந்தால் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கலாம். படுத்திருப்பவருக்குச் சரிவராது.

வெந்நீர்ப் பை

வலிகளுக்கு நடுவே உங்கள் கைக்கு ஓய்வு தர இது நல்லது. கடும் வலிக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். பாதிக்குமேல் நிரப்பாமல், காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி, உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே முதுகில் வையுங்கள். 15 நிமிடத்தில் எடுத்துத் தோலைப் பாருங்கள். முதுகில் மரப்பு ஊசி போட்டிருந்தால் வைக்கவே கூடாது; சுட்டாலும் அவருக்குத் தெரியாது. காய்ச்சல் இருந்தாலும் வேண்டாம்.

எந்த வழியானாலும் கேள்விகளை வலி விட்ட பிறகு கேளுங்கள்: “மேலயா, கீழயா? இன்னும் அழுத்தவா?” வலிக்கு நடுவில் அவரால் பதில் சொல்ல முடியாது. இரத்தம் போனாலோ, பனிக்குட நீர் பச்சையாக வந்தாலோ, கையை எடுத்துவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.

துணையாக யார் இருப்பது என்பதைத் தாயே தேர்வு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை. ஆனால் தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் பெண் துணையைத்தான் விடுகிறார்கள். அப்படியானால் உங்கள் பங்கு வீட்டில் வலி ஆரம்பிக்கும் நேரமும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும்தான். உள்ளே போகப்போவது அத்தை என்றால், ஒன்பதாம் மாதத்திலேயே அவர் கையை எடுத்து அந்த முக்கோண எலும்பின்மேல் வைத்துக் காட்டிவிடுங்கள்.